முகத்துக்கு ஒரு நோட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, "முகத்தில் எதைத் தடவுகிறீர்கள் என்று ஒரு டைரியில் எழுதி வையுங்கள், பாதிக் குழப்பம் தீரும்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பல வருடமாகச் சருமப் பராமரிப்பு பற்றி எழுதுகிறவள், அதைவிட அதிக வருடமாகச் சொந்த முகத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவள், அவ்வளவுதான்.

அக்கா, நீங்கள் சொன்னீர்களே என்று அழகான அட்டை போட்ட டைரி ஒன்று வாங்கினேன். காலை, இரவு என்று தனித்தனியாகக் கோடு போட்டு, எந்த ஃபேஸ்வாஷ், எத்தனை சொட்டு சீரம், எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை மணி நேரத் தூக்கம், அன்றைக்கு என்ன மனநிலை என்று ஒன்று விடாமல் எழுதினேன். ஒன்பது நாள் ஓடியது. பத்தாவது நாள் எழுதாமல் தூங்கிவிட்டேன். பதினொன்றாவது நாள் அந்த டைரியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. எனக்கு இது ஒத்துவராது என்று விட்டுவிடலாமா?

ஒன்பது நாள் தாக்குப்பிடித்ததே பெரிது. தினமும் பன்னிரண்டு கட்டம் நிரப்பச் சொன்னால் யாராக இருந்தாலும் இரண்டு வாரத்தில் ஓடிவிடுவார்கள், நானும் ஓடியிருக்கிறேன். என் அலமாரியில் முதல் எட்டுப் பக்கம் மட்டும் அழகான கையெழுத்தில் இருக்கும் டைரிகள் மூன்று இருக்கின்றன.

தினமும் செய்வதைத் தினமும் எழுதவேண்டிய அவசியமே இல்லை. முதல் பக்கத்தில் ஒரே ஒரு தடவை உங்கள் வழக்கத்தை எழுதிவிடுங்கள்: காலையில் இது, இரவில் இது, வாரம் இரண்டு நாள் இது. பொருளின் பெயரோடு, அதில் முக்கியமான மருந்து எத்தனை சதவீதம் என்று அட்டையில் போட்டிருந்தால் அதையும். ஏனென்றால் "சாலிசிலிக் ஆசிட் போட்டேன், எரிந்தது" என்பதற்கும் "2 சதவீத சாலிசிலிக் ஆசிட் தினமும் இரண்டு வேளை போட்டேன், எரிந்தது" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, இரண்டாவது வாக்கியத்திலேயே காரணமும் இருக்கிறது. அதற்குப் பிறகு டைரியில் ஏறவேண்டியது மாற்றங்கள் மட்டும்தான். புதிதாக எது உள்ளே வந்தது, எது தீர்ந்துபோனது, எதை நிறுத்தினீர்கள், எதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதிலிருந்து தினமும் என்று கூட்டினீர்கள். இவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டும்போது கண் முதலில் அங்கேதான் போகவேண்டும்.

தினமும் எழுதுவதாக இருந்தால் ஒரே ஒரு எண் போதும். நான் வைத்திருப்பது 0 முதல் 3 வரை. 0 என்றால் முகம் பாட்டுக்கு இருக்கிறது. 1 என்றால் எனக்கு மட்டும் தெரிகிறது. 2 என்றால் எதிரில் இருப்பவருக்கும் தெரியும். 3 என்றால் வலி, எரிச்சல், வெளியே போகவே யோசனை. பல் தேய்க்கும்போது போட்டுவிடலாம், பேனா தேடும் நேரம்தான் செலவு.

நிறையப் பேர் விட்டுவிடுவது முகத்துக்கு வெளியே நடக்கும் விஷயங்களை. மாதவிடாய் தொடங்கிய தேதியை ஓரத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். அதற்கு முந்தைய வாரத்தில் பரு கிளம்புவது மிகவும் சாதாரணமான விஷயம், இது தெரியாமல் அந்த வாரத்தில் வாங்கிய க்ரீமின் மீது பழி போட்டுத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. புதிதாக ஆரம்பித்த மாத்திரைகளை எழுதுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை பருக்களைக் கிளப்பும் என்பது பலருக்குத் தெரியும், வைட்டமின் பி12 கூடச் சிலருக்கு அப்படிச் செய்யும் என்பது தெரியாது. ஷாம்பு, கண்டிஷனர், தலைக்குத் தடவும் எண்ணெய் மாறியதா? அது நெற்றிக்கும் காதோரத்துக்கும் வழிந்து வரும். புது ஹெல்மெட்டா? வார் உரசும் தாடையில் மட்டும் பரு வந்தால் குற்றவாளி அதுவாக இருக்கலாம்.

சோதனையில் இருக்கும் ஒரு பொருளுக்கு மட்டும் தினமும் ஒரு டிக் போடுங்கள். "மூன்று மாதமாக இந்த சீரம் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்களின் டிக்குகளை எண்ணிப் பார்த்தால் மாதத்துக்குப் பதினொன்றுதான் தேறும். அப்புறம், விட்டுப்போன நாட்களை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். காலி காலியாகவே இருக்கட்டும்.

அந்த டைரியையே எடுத்து அடுத்த பக்கத்தில் தொடங்குங்கள். ஆனால் முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள், இருப்பது எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பகுதி.

நோட்டா, போன் ஆப்பா?

எது கைக்கு அருகில் இருக்கிறதோ அது. நான் நோட்டுக் கட்சி, ஏனென்றால் போனைத் திறந்தால் எண்ணைப் போடுவதற்குள் வேறு எங்கேயோ போய்விடுகிறேன், பெரும்பாலும் புதிதாக ஒரு சீரம் பற்றிய வீடியோவுக்கு. ஆப்பில் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள், பொருள் விற்பவர்களே நடத்தும் ஆப் என்றால் உங்கள் 2-ஐயும் 3-ஐயும் பார்த்துவிட்டு அது "வாங்குங்கள்" என்றுதான் சொல்லும்.

போன மாதம் ஒரே வாரத்தில் புது ஃபேஸ்வாஷ், நயாசினமைடு சீரம், புது சன்ஸ்கிரீன் மூன்றையும் ஆரம்பித்தேன். நான்காவது நாள் கன்னமெல்லாம் சிவந்து அரிப்பு. டைரியில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் எது காரணம் என்று டைரி சொல்லவில்லையே?

சொல்லாது. மூன்று பேரை ஒரே நேரத்தில் வீட்டுக்குள் விட்டுவிட்டு யார் கண்ணாடியை உடைத்தது என்று கேட்டால் வாசல் நோட்டில் மூன்று பெயரும்தான் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது, மூன்றையும் நிறுத்துவது. வாசனை இல்லாத சாதாரண ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், இந்த இரண்டோடு முகம் முழுவதுமாக அடங்கும்வரை இருங்கள். அதுவரை வெயிலுக்குத் தொப்பியும் குடையும் பார்த்துக்கொள்ளட்டும். (கண், உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நோட்டை மூடிவிட்டு நேராக ஆஸ்பத்திரி.) அடங்கிய பிறகு ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம். முகத்தில் போடுவதற்கு முன்னால் முழங்கையின் உள்பக்கத்தில், ஒரே இடத்தில், தினமும் இரண்டு வேளையாக 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்கள். ஃபேஸ்வாஷ் மாதிரிக் கழுவிவிடும் பொருளை அங்கேயும் வழக்கம்போலக் கழுவிவிடுங்கள். ஒரே ஒரு நாள் காதுக்குப் பின்னால் தொட்டு வைத்துவிட்டு "டெஸ்ட் பண்ணிட்டேன்" என்பது பல நேரம் ஒன்றுக்கும் உதவாது, ஏன் என்று சொல்கிறேன்.

க்ரீம் ஒத்துக்கொள்ளாமல் போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் எரிச்சல்: பொருள் வீரியமாக இருக்கிறது, தோல் தாங்கவில்லை. இது பெரும்பாலும் போட்ட நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ காட்டிவிடும், போட்ட இடத்தோடு நிற்கும், அளவைக் குறைத்தால் பல நேரம் சமாளிக்கலாம். இன்னொன்று ஒவ்வாமை. இங்கே எரிச்சலைவிட அரிப்பு முன்னால் நிற்கும், அதுவும் உடனே வராது, ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும். அதனால் நாம் எப்போதும் தப்பான ஆளைப் பிடிக்கிறோம், செவ்வாய்க்கிழமை அரித்தால் திங்கள் இரவு போட்டதைச் சந்தேகப்படுகிறோம், சனிக்கிழமை போட்டதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது, ஐந்து வருடமாகப் போட்டு வந்த பொருளுக்கே திடீரென்று ஒவ்வாமை வரலாம். "இது எனக்குப் பழகினதாச்சே" என்பது சாட்சியமாகாது.

என் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எனக்குக் கண் இமை இரண்டும் சிவந்து, தோல் உரிந்து, காகிதம் மாதிரி ஆகிவிடும். நாலு நாளில் சரியாகும், மறுபடி வரும். ஐ க்ரீமை நிறுத்தினேன், ஃபேஸ்வாஷை மாற்றினேன், காஜலைத் தூக்கிப் போட்டேன், தலையணை உறையைக்கூட மாற்றினேன். கடைசியில் வேறு வழியில்லாமல் இந்த 0-3 எண்ணைப் போட ஆரம்பித்து ஏழு வாரம் கழித்துப் பார்த்தால், 3 போட்ட நாட்கள் எல்லாம் செவ்வாய் அல்லது புதன். எல்லா வாரமும் இல்லை, சில வாரம் மட்டும். அந்த வாரங்களில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது: நகப்பாலிஷ்! விரலில் ஒன்றுமே ஆகவில்லை. ஆனால் நாள் முழுக்க அந்த விரலால் கண்ணைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். பிறகு டாக்டரிடம் போய், சந்தேகப்படும் பொருள்களைத் துளித் துளியாக வைத்த பேட்ச்களை முதுகில் ஒட்டிச் சோதனை செய்தபோது அதுவேதான் என்று உறுதியானது. நகப்பாலிஷ் ஒவ்வாமை விரலை விட்டுவிட்டு இமையில் தெரிவது தோல் டாக்டர்களுக்கு நன்றாகப் பழகிய விஷயமாம். என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை.

அந்த பேட்ச் டெஸ்டிலும் பாருங்கள், ஒட்டியதை இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டு, அதற்கடுத்த ஓரிரு நாளில் மறுபடியும் ஒருமுறை பார்க்கிறார்கள். ஒவ்வாமை சாவகாசமாக வருகிற ஆள் என்பதால்தான். உங்களுக்கும் கை டெஸ்டில் மூன்றும் தப்பித்துவிட்டு முகத்தில் மறுபடி அரித்தால் அந்தச் சோதனைக்குப் போங்கள், மூன்று பொருளையும் அட்டையோடு கொண்டுபோங்கள்.

ஒரு க்ரீம் வேலை செய்கிறதா இல்லையா என்று எத்தனை நாளில் தீர்ப்பு எழுதலாம்? எனக்குப் பொறுமை ரொம்பக் குறைவு.

பொறுமை குறைவு என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி, உங்களுக்காகத்தான் டைரி.

பொருளுக்குப் பொருள் மாறும். மாய்ஸ்சரைசர் என்றால் சில நாளிலேயே தெரிந்துவிடும், வறட்சி குறைந்ததா இல்லையா, அவ்வளவுதான். பருவுக்கான மருந்துகள் அப்படி இல்லை. நம் மேல்தோல் அடியிலிருந்து புதிதாக உருவாகி மேலே வந்து உதிர்வதற்கு இளவயதில் ஏறக்குறைய 28 நாள் ஆகும், வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். அதனால் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு மாதிரியானவற்றுக்கு 8 முதல் 12 வாரம் கொடுக்காமல் தீர்ப்புச் சொல்வது அநியாயம். அடாபலீன், ட்ரெட்டினாயின் வகையில் முதல் சில வாரம் பரு கூடுவதுகூட உண்டு, சரியாக அந்த இடத்தில்தான் பாதிப்பேர் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். டைரியில் தொடங்கிய தேதியிலிருந்து 12 வாரம் எண்ணி, அந்தத் தேதிப் பக்கத்தில் "இன்றுதான் முடிவு" என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். (கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ அடாபலீன், ட்ரெட்டினாயின் மாதிரியான ரெட்டினாய்டு வகை எதையும் தொடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.)

பரு போன பிறகு நிற்கும் கரும்புள்ளி வேறு கணக்கு. அது மங்க மாதக்கணக்கில் ஆகும், வெயில் பட்டால் இன்னும் நீளும். பருவையும் புள்ளியையும் ஒரே எண்ணில் போட்டால் மருந்து நன்றாக வேலை செய்தும் உங்கள் எண் இறங்கவே இறங்காது, மனம் வெறுத்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி எண் போடுங்கள்.

ஆனால் தோல் வெந்தமாதிரி எரிந்தால், உரிந்தால், வீங்கினால் 12 வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே நிறுத்தலாம்.

டைரியோடு தினமும் ஒரு செல்ஃபியும் எடுக்கிறேன். ஒருநாள் முகம் பளிச்சென்று இருக்கிறது, மறுநாள் குழி குழியாகத் தெரிகிறது. எதை நம்புவது?

எதையும் நம்பாதீர்கள் தம்பி, வெளிச்சம் மாறியிருக்கும். பக்கவாட்டில் விழும் வெளிச்சம் சின்ன மேட்டையும் மலையாகக் காட்டும், நேராக முகத்தில் விழும் வெளிச்சம் குழியைக்கூட நிரப்பிவிடும். போனின் முன் கேமரா பல நேரம் நம்மைக் கேட்காமலேயே தோலை மழுப்பி விடுகிறது.

தினமும் வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே ஜன்னல் எதிரே, ஃப்ளாஷ் இல்லாமல், அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டு, முடிந்தால் பின் கேமராவில். நேராக ஒன்று, இடது ஒன்று, வலது ஒன்று. சிரிக்க வேண்டாம். குளித்த கையோடு எடுக்காதீர்கள், அந்தச் சிவப்பு அரைமணியில் போய்விடும். எடுத்ததைப் பார்க்காமல் ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டு, முதல் வாரப் படத்தை நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரப் படத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சன்ஸ்கிரீன் கட்டத்தில் ஒருநாள் விடாமல் டிக் போட்டிருக்கிறேன். எஸ்.பி.எஃப். 50. இருந்தும் கருப்பது நிற்கவில்லை. போலிச் சரக்கோ?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. டியூபைத் திறந்த தேதி டைரியில் இருக்கிறதா? அட்டையில் இருக்கும் அந்த எஸ்.பி.எஃப். எண்ணை, அதாவது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதை, கணக்கிடும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள். நாம் பூசுவது வழக்கமாக அதில் பாதியோ காலோதான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு மாதிரிப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஓரளவு சரியாக வரும், அது ஏறத்தாழ 1 கிராம். அப்படியானால் 50 கிராம் டியூப், தினமும் ஒருவேளை மட்டும் பூசினாலே, ஐம்பது நாள் சுமாருக்குத்தான் வரவேண்டும். உங்களுக்கு அது நாலைந்து மாதம் வந்திருந்தால் பதில் கிடைத்துவிட்டது, போலிச் சரக்கைத் தேட வேண்டாம். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்பதும் இருக்கிறது. டிக் என்பது பூசினேன் என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்பதைத் திறந்த தேதிதான் காட்டிக்கொடுக்கும்.

மற்ற டப்பாக்களிலும் திறந்த தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். திறந்த மூடி படத்துக்குள் 6எம், 12எம் என்று போட்டிருக்குமே, அது திறந்ததிலிருந்து இத்தனை மாதம் என்பதுதான். வைட்டமின் சி சீரம் அதற்கு முன்பே பழுப்பு நிறமாகிவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது.

என் மனைவி ஒரு வருடமாக இப்படி எழுதுகிறார். நான் எதையும் எழுதுவதில்லை, முகம் ரொம்ப மோசமாகும்போது கையில் கிடைக்கும் க்ரீமைத் தடவுகிறேன், ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறது. டைரி எல்லாம் நேர விரயம் என்று நான் சொன்னால் கோபப்படுகிறார். நீங்களே சொல்லுங்கள் மேடம்.

என்னை வைத்து வீட்டில் ஜெயிக்கப் பார்க்கிறீர்கள், நடக்காது.

முகம் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ரொம்ப மோசமான நாள் ஒன்று வந்தால் அதற்கடுத்த வாரம், ஒன்றுமே தடவாவிட்டாலும், கொஞ்சம் தேவலாம் என்றுதான் இருக்கும், உச்சிக்குப் போனது கீழேதானே வரவேண்டும். நீங்கள் சரியாக அந்த உச்சியில் க்ரீமை எடுக்கிறீர்கள், இறங்கியதற்கான பேர் க்ரீமுக்குப் போகிறது. பெற்றோர் மிக உயரமாக இருந்தால் பிள்ளைகள் சராசரியை நோக்கி இறங்குகிறார்கள் என்று 1886-இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி எழுதினாரே, அதே கணக்குத்தான் உங்கள் முகத்திலும். மேடை வைத்தியர்கள் காலங்காலமாகப் பிழைப்பதும் இதில்தான்.

நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டுமானால் டைரிகூட வேண்டாம், பாதி முகத்தில் மட்டும் தடவுங்கள். தோல் ஆராய்ச்சிகளிலும் இப்படி ஒரு முறை உண்டு, ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதி வையுங்கள், மறந்துவிடுவீர்கள். கூடவே எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், வண்டி ஓட்டும்போது எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்பதையும். 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு படம் வந்தது: 28 வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் முகத்தில் ஜன்னல் பக்கம் மட்டும் தோல் தடித்துச் சுருங்கிக் கிடக்கும். வெயிலில் இருக்கும் யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி முழுதாக நிறுத்துவதில்லை. சன்ஸ்கிரீனை மட்டும் பாதி முகச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்!

எனக்கு 16 வயது. ஒவ்வொரு நாளும் காலை, மதியம், இரவு பரு எண்ணி எழுதுகிறேன். நேற்று 14, இன்று 17. எண்ணி முடித்ததும் அழுகையாக வருகிறது, பள்ளிக்குப் போகவே பிடிக்கவில்லை. அம்மா நோட்டைக் கிழித்துப் போடுவேன் என்கிறார். அக்கா, நான் என்ன தப்பு செய்கிறேன்?

நீ ஒரு தப்பும் செய்யவில்லைம்மா. ஆனால் இந்த விஷயத்தில் நான் உன் அம்மா கட்சி. கிழிக்க வேண்டாம், பீரோவில் வைத்துப் பூட்டட்டும்.

ஒரு பரு உள்ளே உருவாகி வெளியே தெரிவதற்கே வாரக்கணக்கில் ஆகிறது, அதை ஒரு நாளைக்கு மூன்று முறை எண்ணினால் எண்ணுகிறவளுக்குத்தான் வலி. 14-க்கும் 17-க்கும் ஒரு அர்த்தமும் இல்லை, எண்ணும்போது வெளிச்சம் எப்படி இருந்தது என்பதிலேயே மூன்று கூடும், குறையும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நேரம் கூடக் கூடக் கை சும்மா இருக்காது, கிள்ளத் தோன்றும், கிள்ளினால் தழும்பு. உனக்கு டைரி இப்போது வேண்டாம். 17 பருவும் அழுகையும் சேர்ந்தால் அது டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம், "இந்த வயதில் எல்லாருக்கும் வரும்" என்று யார் சொன்னாலும் சரி. பருவுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, தழும்பு விழுவதற்கு முன்னால் ஆரம்பித்தால் இன்னும் நல்லது. பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை என்று எனக்கு எழுதிய அந்த வரியை டாக்டரிடமும் அப்படியே சொல், வெட்கப்படாதே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.

ஒரு தோழி கொடுத்த டியூப். பத்து நாளில் முகம் கண்ணாடி மாதிரி ஆனது. ஏழு மாதமாகப் போடுகிறேன். டைரியைப் பார்த்தால் ஊருக்குப் போய் இரண்டு மூன்று நாள் போடாமல் இருந்தபோதெல்லாம் முகம் சிவந்து எரிந்திருக்கிறது, மறுபடி போட்டதும் அடங்கியிருக்கிறது. அப்படியானால் இந்த க்ரீம் என் சருமத்துக்கு அவ்வளவு அவசியம் என்றுதானே அர்த்தம்?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன். அர்த்தம் நேர்மாறானது.

டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? இவை ஸ்டீராய்டுகள். டாக்டர் சொன்ன நோய்க்கு, சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்கு மட்டும் போட்டால் அருமையான மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், சின்ன ரத்தக்குழாய்கள் நூல் நூலாகத் தெரியும், பருவும் முடியும் கிளம்பும், நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். மறுபடி போட்டால் அடங்கும். தோல் அதற்கு அடிமையாகிவிட்டது என்பதைத்தான் உங்கள் டைரி ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை வீட்டிலேயே சமாளிக்கப் பார்க்காதீர்கள், எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். டியூபையும் டைரியையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். அட்டையில் எந்தப் பெயருமே இல்லை என்றால் அது இன்னும் மோசம். தோழியிடமும் சொல்லுங்கள், அவரும் போட்டுக்கொண்டிருப்பார்.

என் மகனுக்கு நான்கு வயது, எக்ஸிமா. "எப்படி இருந்தது?" என்று டாக்டர் கேட்கும்போது எனக்கு நேற்று இரவு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அவனுக்கு எப்படி எழுதி வைப்பது?

இதற்கென்றே ஒன்று இருக்கிறது, போயம் என்று பெயர். 2004-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவாக்கினார்கள். ஏழே கேள்வி. கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரிப்பு இருந்தது, எத்தனை நாள் அதனால் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் வந்தது, நீர் கசிந்தது, வெடித்தது, செதில் உதிர்ந்தது, வறண்டு சொரசொரப்பாக இருந்தது. ஒரு நாளும் இல்லை என்றால் 0, ஓரிரு நாள் என்றால் 1, மூன்று நான்கு நாள் என்றால் 2, ஐந்து ஆறு நாள் என்றால் 3, தினமும் என்றால் 4. கூட்டினால் அதிகபட்சம் 28. 8-லிருந்து 16 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. சின்னப் பிள்ளை என்றால் பெற்றோர் பதில் சொல்லலாம். வாரம் ஒருநாள் இரண்டு நிமிட வேலை. டாக்டரிடம் "பரவாயில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக "18-லிருந்து 9-க்கு வந்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், அவர் நிமிர்ந்து உட்காருவார்.

கூடவே மருந்து எவ்வளவு போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அது அரை கிராம் சுமார், பெரியவரின் விரல்கள் சேர்த்த உள்ளங்கை இரண்டு அளவுள்ள இடத்துக்குப் போதும். "கொஞ்சம் போட்டேன்" என்பதைவிட "ஒன்றரை விரல் நுனி" என்பது டாக்டருக்குப் புரியும். மாய்ஸ்சரைசருக்கு இந்தச் சிக்கனம் கிடையாது, அதைத் தாராளமாகவே பூசலாம், டப்பா எத்தனை நாளில் தீர்ந்தது என்று மட்டும் குறித்தால் போதும்.

டாக்டரிடம் முழு டைரியையும் காட்டலாமா?

அவருக்கு உங்களோடு இருக்கிற நேரம் பத்து நிமிடம் என்றால் அதில் எட்டை அவர் உங்கள் கையெழுத்தோடு மல்லுக்கட்டுவதில் செலவழிக்க வேண்டாம். ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது ஆரம்பித்தது, எந்த இடத்தில், இதுவரை போட்டவை என்னென்ன, எத்தனை வாரம், எதில் கூடியது, எதில் குறைந்தது, சாப்பிடும் மாத்திரைகள். இரண்டு மூன்று படம். வேறு யாரோ கொடுத்த டியூப் ஏதாவது இருந்தால் அதை மறைக்காமல் முதல் வரியிலேயே போடுங்கள்.

ஐந்து வருட டைரிகள் சேர்ந்துவிட்டன. முகமும் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கிப் போடலாமா, இல்லை இன்னும் எழுத வேண்டுமா?

முகம் நன்றாக இருக்கிறதென்றால் எழுதுவதை நிறுத்துங்கள். நானும் எல்லா மாதமும் எழுதுவதில்லை, ஏதாவது புதிதாக உள்ளே வந்தாலோ ஏதாவது கெட்டாலோ மட்டும் நோட்டைத் திறக்கிறேன். பழைய டைரிகளைப் போடுவதற்கு முன்னால் ஒரு மாலை உட்கார்ந்து அவற்றிலிருந்து ஒரே ஒரு பக்கம் தேற்றுங்கள்: எனக்கு ஒத்துக்கொள்ளாதவை. பிராண்டு பெயரை மட்டும் எழுதினால் போதாது, உள்ளே இருக்கும் பொருள்களின் பெயரும் வேண்டும், ஏனென்றால் அதே வாசனைப் பொருளும் அதே கெடாமல் காக்கும் ரசாயனமும் வேறு டப்பாவில் வேறு பெயரில் வந்து நிற்கும். மீத்தைல்ஐசோதயசோலினோன் என்று ஒரு ரசாயனம், 2013-இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை டாக்டர்கள் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஷாம்பு, ஈரத்துடைப்பான், பாத்திரம் கழுவும் திரவம் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும், அந்தப் பெயரை யாரால் மனப்பாடம் செய்ய முடியும்?

அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது நோட்டு கையில் இருக்காது.